ஆறாவது மின்சாரக் கைக்கு ஆள் தேடப்படுவது குறித்து

அனுப்புநர்:
பா. ஃப்ளோரன்ஸ், வயது 36,
காலஞ்சென்ற பாஸ்கல் அவர்களின் மகள்,
எண் 14, வலைக்காரர் சந்து,
கல்மண்டபம், ராயபுரம், சென்னை-13.

பெறுநர்:
உயர்திரு செயலாளர் அவர்கள்,
சுகாதாரத் துறை, தமிழ்நாடு அரசு,
கோட்டை, சென்னை-9.

(நேரில் கொடுக்கப்படுகிறது. தபாலில் அனுப்பாததன் காரணம் பத்தி 12-இல் உள்ளது.)

பொருள்: ராயபுரம் ஜூபிலி தொழிலாளர் மருத்துவமனையின் செயற்கை உறுப்புப் பிரிவு – மின்சாரக் கை பொருத்துவதற்காக, காப்பாற்றக்கூடிய கைகள் வெட்டப்படுவதாகச் சந்தேகம் – வரும் 14.6.1974 வெள்ளிக்கிழமை காலை நடக்கவிருக்கும் அறுவை சிகிச்சையை நிறுத்திவைத்து விசாரிக்க வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 1. மேற்படி மருத்துவமனைக் கண்காணிப்பாளருக்கு நான் அனுப்பிய 20.5.1974 தேதியிட்ட மனு.
2. அதற்கு டாக்டர் சந்தானகோபால் அவர்கள் அளித்த 27.5.1974 தேதியிட்ட பதில்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் திருவொற்றியூரில் டின் டப்பா செய்யும் தொழிற்சாலை ஒன்றில் பதினோரு ஆண்டுகள், தகட்டை அழுத்தி வெட்டும் பவர் பிரஸ் ஓட்டியவள். கன்னியர் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புவரை படித்திருக்கிறேன். இம்மனுவை நானே இடது கையால் எழுதியிருக்கிறேன். எழுத்து சாய்ந்தும் வரி வளைந்தும் இருப்பதைப் பொறுத்தருள வேண்டும். என் தங்கை ஆலிஸுக்குக் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும்; எழுதித் தருகிறேன் என்றாள். நான்தான் சம்மதிக்கவில்லை. யாரோ தூண்டிவிட்டு யாரோ எழுதிக்கொடுத்த மனு என்று நாளைக்கு ஒருவர் சொல்லிவிடக் கூடாது. அப்படிச் சொல்லக்கூடியவர்கள் இருக்கிறார்கள் என்பது கீழே தெரியவரும்.

2. 18.9.1972 திங்கட்கிழமை பிற்பகல், மிதியிலிருந்து நான் காலை எடுத்த பின்பும் பிரஸ் ஒருமுறை தானாக இறங்கியது. என் வலது கையின் நான்கு விரல்களும் உள்ளங்கையில் பாதியும் அதன் அடியில் அகப்பட்டுக்கொண்டன. இதற்காக இங்கே நான் யாரையும் குறை சொல்ல வரவில்லை. என்னை மேற்படி ஜூபிலி மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அன்று பணியிலிருந்த டாக்டர் ஜார்ஜ் என்ற இளம் மருத்துவர் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். படத்தைச் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, என்னிடமும் ஆலிஸிடமும் அவர் சொன்ன வார்த்தைகள் இவை: “விரல்களைக் காப்பாத்த முடியாதும்மா. ஆனா மணிக்கட்டு நல்லா இருக்கு. கட்டைவிரலும் நின்னுடும்னு நினைக்கிறேன்.” அதன் பிறகே காயத்தைக் கழுவிக் கட்டுப் போட்டார். நான் அப்போது மயக்கத்தில் இருந்ததாகப் பிற்பாடு சொல்லப்பட்டது. ஆலிஸ் மயக்கத்தில் இல்லை.

3. நான்கு நாள் கழித்து, வெள்ளிக்கிழமையன்று, எனக்கு அறுவை சிகிச்சை செய்தவர் டாக்டர் ஜார்ஜ் அல்ல. செயற்கை உறுப்புப் பிரிவின் தலைவர் டாக்டர் சந்தானகோபால். நான் கண்விழித்தபோது கட்டைவிரலும் மணிக்கட்டும் அதற்கு மேலே நாலு விரற்கடையும் சேர்ந்து போயிருந்தன. சீழ் மேலே ஏறிவிட்டது, உயிரைக் காப்பாற்ற வேண்டியிருந்தது என்றார்கள். கையெடுத்துக் கும்பிட வழியில்லாததால் தலையைக் குனிந்து அவருக்கு நன்றி சொன்னேன். அந்த நான்கு நாளும் ஆலிஸ் என் கட்டிலருகே இருந்தவள். கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய அட்டையில் காய்ச்சல் ஒருநாளும் நூறைத் தொடவில்லை என்கிறாள். அன்று எங்கள் இருவருக்கும் அதைப் பற்றி யோசிக்கத் தோன்றவில்லை. அடுத்த மாதமே டாக்டர் ஜார்ஜ் வேலையை விட்டு விலகிப் போய்விட்டார். எந்த ஊருக்கு என்று கேட்டால் ஆளுக்கு ஓர் ஊரைச் சொல்கிறார்கள்.

4. 1973 பிப்ரவரியில் மருத்துவமனையிலிருந்து ஆள் அனுப்பி என்னை அழைத்தார்கள். வெளிநாட்டிலிருந்து ஆறு மின்சாரக் கைகள் வந்திருப்பதாகவும், அவை நம் நாட்டு மனிதர்களுக்குப் பொருந்துகின்றனவா என்று பார்க்கும் ஆய்வு நடக்கப்போவதாகவும் டாக்டர் சந்தானகோபால் விளக்கினார். தங்களுக்குப் புரியும்பொருட்டு அக்கருவியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மீதமுள்ள முன்னங்கையை ஒரு கெட்டியான குழலுக்குள் நுழைக்க வேண்டும். குழலின் உள்ளே இரண்டு இடங்களில் சிறு உலோகத் தகடுகள் தோலைத் தொட்டுக்கொண்டிருக்கும். இல்லாத கையை மூடுவதாக நினைத்துக்கொண்டு உள்பக்கத் தசையை இறுக்கினால், அங்கே பிறக்கும் மிக நுண்ணிய மின்சாரத்தை ஒரு தகடு பிடித்து மோட்டாருக்குச் சொல்லும், கை மூடும். வெளிப்பக்கத் தசையை இறுக்கினால் திறக்கும். பேட்டரி இடுப்புப் பட்டையில் இருக்கும். மேலே ரப்பர் உறை; அது வெள்ளைக்காரர் தோலின் நிறம்.

அது முதன்முதலாகக் கிர்ரென்று சத்தமிட்டுத் திறந்தபோது நான் அழுதேன் என்பதை மறைக்கவில்லை. ஐந்து மாதமாக இல்லாத ஒன்று நான் நினைத்தபடி நடந்தது. ஜஹாங்கீர் என்ற கருவி மெக்கானிக் மேசைமேல் ஒரு காலித் தீப்பெட்டியை வைத்தார். எடுத்தேன், நசுங்கிப்போயிற்று. இரண்டாவதை நசுங்காமல் எடுத்தேன். ஆகவே இந்தக் கருவியின்மேல் எனக்கு விரோதம் என்று யாராவது குறிப்பு எழுதினால் அது பொய்.

5. அவ்வாண்டு மே மாதம் ஒரே ஒரு வாரம் அந்தக் கையை வீட்டுக்குக் கொண்டுபோக அனுமதித்தார்கள். நம் ராயபுரத்து வேர்வை தாங்கள் அறியாததல்ல. குழலுக்குள் வேர்வை வழிந்ததும் அந்தத் தகடுகளுக்குப் புத்தி பேதலித்துவிடும். திற என்றால் மூடும், சும்மா இரு என்றால் திறக்கும். இரண்டாம் நாள் அடுப்பிலிருந்த சட்டியைப் பிடித்தேன். ரப்பர் கருகும் வாடை வந்த பிறகே என் விரல் வேகிறது என்று அறிந்தேன்.

ஐந்தாம் நாள் நானும் ஆலிஸும் மாதா கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தோம். படகு இஞ்சின் பழுதுபார்க்கும் கொட்டகையருகே லாரி வரவே, ஆலிஸ் என் புதுக் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். அந்நேரம் கொட்டகையில் வெல்டிங் வைத்தார்கள். பொறி பறந்ததும் மின்சாரக் கை அவள் விரல்களின்மேல் மூடிக்கொண்டது. நான் திறக்கப் பார்க்கிறேன். ஒவ்வொரு பொறிக்கும் அது இன்னும் இறுகுகிறது; வெல்டிங்கின் மின்சாரத்தையும் என் தசை சொல்வதாக எடுத்துக்கொண்டது போலும். “வுடுக்கா! கைய வுடுக்கா!” என்று அவள் அலறினாள். “நான் எங்கடி புட்ச்சிகினுகீறேன்? அதுதான் வுட மாட்டேங்குது!” என்று நானும் அலறினேன். கொட்டகைக்காரர்கள் அக்கா தங்கை சண்டை என்று நினைத்துச் சிரித்தார்கள். கடைசியில் நான் என் கையைக் குழலிலிருந்து உருவிக்கொண்டேன். மின்சாரக் கை ஆலிஸின் விரல்களைக் கவ்வியபடியே தொங்கிற்று. அதைக் கண்டதும் அவர்கள் சிரிப்பு நின்றுவிட்டது. நாற்பதடி தள்ளிப் போய், மறுபடி குழலுக்குள் கையை நுழைத்து, அதைத் திறந்து அவளை விடுவித்தேன். அவள் மோதிர விரல் இன்றும் முழுதாக மடங்காது.

6. மறுநாள் இதைப் போய்ச் சொன்னேன். டாக்டர் சந்தானகோபால் கருவியை வாங்கி அலமாரியில் பூட்டச் சொன்னார். அன்றுமுதல் செவ்வாயும் வெள்ளியும் ஒரு மணி நேரம் அங்கேயே மாட்டிப் பழகுவதோடு சரி. ஆனால் மூன்று மாதம் கழித்து என் பதிவேடு மேசைமேல் திறந்து கிடந்ததைப் பார்த்தேன். ஆங்கிலத்தில்தான் இருந்தது, படிக்கத் தெரியாது என்று எண்ணி அதை யாரும் மூடவில்லை. வீட்டு உபயோகம் நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் என்று மூன்று மாதத்துக்கும் வரிசையாக எழுதியிருந்தது. வெல்டிங் நடந்த தேதிக்கு எதிரே எழுதியிருந்தது ஒரே வரி: நோயாளியின் பதற்றம். பூட்டிய அலமாரிக்குள் இருந்த கையை நான் எட்டு மணி நேரம் எப்படி உபயோகித்தேன் என்று அந்தப் பதிவேட்டை எழுதியவர்தான் சொல்ல வேண்டும்.

7. 24.1.1974 அன்று வெளிநாட்டு நிபுணர்கள் இருவரும் நம் ஊர் மருத்துவர்கள் பலரும் பார்வையிட வந்தார்கள். என்னைப் பட்டுப்புடவை கட்டி வரச் சொல்லியிருந்தார்கள். தரைவரை துணி தொங்கும் மேசையின் முன் உட்காரவைத்தார்கள். கூஜாவிலிருந்து தண்ணீர் ஊற்றினேன், முட்டையை எடுத்தேன். அன்று கை என் சொல்லை என்னைவிட நன்றாகக் கேட்டது. அதனால்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. சோதித்துப் பார்க்கத் துணிந்தேன். இப்போது திறப்பார் என்று டாக்டர் ஆங்கிலத்தில் சொன்னபோது நான் தசையை அசைக்கவே இல்லை. கை திறந்தது. இப்போது மூடுவார் என்றபோது வேண்டுமென்றே திறக்கும் தசையை இறுக்கினேன். கை மூடியது. எல்லோரும் கைதட்டினார்கள். நான் சிரித்தேன். சிரிக்காமல் வேறென்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. அந்தப் புகைப்படம் மருத்துவமனை வாயிற்கூடத்தில் இன்றும் மாட்டியிருக்கிறது.

எல்லோரும் தேநீருக்குப் போன பிறகு மேசைத் துணியைத் தூக்கிப் பார்த்தேன். என் பேட்டரி ஒயரோடு இன்னொரு ஒயர் பின்னியபடி போய், மேசையோரம் உட்கார்ந்திருந்த ஜஹாங்கீர் மடியில், கையைத் திறக்கவும் மூடவும் பொத்தான்கள் உள்ள சோதனைப் பெட்டியில் முடிந்தது. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. “இன்னாம்மா பண்றது? வேர்வைல உன் சிக்னல் ஒழுங்கா வர்ல. வந்தவங்க முன்னாடி நின்னுபூட்டா என் தலைதான் உருளும். பெட்டிய வெச்சிக்கோன்னு டாக்டர்தான் சொன்னாரு” என்றார். இதை எழுதுவதற்கு அவரிடம் அனுமதி கேட்டேன். இரண்டு நாள் யோசித்துவிட்டுச் சம்மதித்தார். அவர் உத்தியோகத்துக்கு ஒரு கேடும் வராமல் பார்த்துக்கொள்ளுமாறு தங்களைத் தனியே கேட்டுக்கொள்கிறேன்.

8. அன்று அவர் சொன்ன இன்னொரு செய்திதான் என் தூக்கத்தைப் பறித்தது. வந்த ஆறு கைகளின் குழல்களும் ஒரே அளவில் செய்தவை. முழங்கைக்குக் கீழே ஏறக்குறைய ஆறு அங்குலம் உள்ள கைக்கே அவை பொருந்தும். அதற்கு மேல் நீளம் இருந்தால் பொருந்தாது. மணிக்கட்டு இருந்தால் பொருந்தவே பொருந்தாது. ஐயா, நம் பகுதியில் ஹார்பரிலும் பட்டறைகளிலும் விரலை இழந்தவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். சரியாக அந்த இடத்தில் கையை இழந்தவர் அபூர்வம். ஆனால் எனக்குச் சரியாக ஆறு அங்குலம் இருக்கிறது. ஆய்வில் என்னோடு உள்ள மற்ற நால்வரில் மூன்று பேருக்கும் அப்படியே இருக்கிறது. மூவரும் இதே மருத்துவமனையில் கை எடுக்கப்பட்டவர்கள்.

கைகள் வந்த மரப்பெட்டி அலமாரிமேல் இருக்கிறது. ஹார்பர் முத்திரைகளைப் பார்த்தே வளர்ந்தவள் நான். பெட்டிமேல் உள்ள முத்திரை 1972 ஆகஸ்ட். என் விபத்து செப்டம்பர். என்னிடம் அவர்கள் ஆய்வைப் பற்றிச் சொன்னது அடுத்த பிப்ரவரி.

என் எக்ஸ்ரே படத்தைக் கேட்டேன். மழையில் நனைந்து ஒட்டிக்கொண்டதால் எறிந்துவிட்டோம் என்றார்கள். அதே அறையில், அதே ஆண்டின் மற்றப் படங்கள் நனையாமல் இருந்தன. காய்ச்சல் அட்டையைக் கேட்டேன். அதுவும் இல்லை. என் கை இயந்திரத்தால் போயிற்றா, இயந்திரத்துக்காகப் போயிற்றா என்று எனக்குத் தெரியாது. நான் யார்மேலும் பழி போடவில்லை. சீழ் ஏறியது உண்மையாகவே இருக்கலாம். அப்படியானால் அந்தப் படமும் அட்டையும் என் வாயை ஒரே நொடியில் அடைத்துவிடும். பின் எதற்காக அவை இரண்டும் காணாமல்போக வேண்டும்?

9. இவ்வளவையும் மனதுக்குள் வைத்துக்கொண்டு நான் இருந்துவிட்டிருப்பேன். போன கை திரும்பாது. ஆனால் கடந்த மே மாதம் ஐந்தாம் தேதி, புளியந்தோப்பைச் சேர்ந்த சொக்கம்மாள் என்பவர் முகவரி விசாரித்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். அவர் கணவர் நீலமேகம், வயது 28, மரம் அறுக்கும் பட்டறையில் வேலை செய்தவர். வாளில் சிக்கி வலது கையின் மூன்று விரல்கள் போய்விட்டன. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் குறையில்லாமல் இருக்கின்றன. புண் ஆறியதைக் காட்டப் போனவரிடம், மின்சாரக் கை தருவதாகவும், மருத்துவமனையிலேயே லிப்ட் இயக்கும் வேலை தருவதாகவும், அதற்கு முதலில் மீதியை மணிக்கட்டுக்கு மேலே எடுத்துவிட வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார்கள். மணிக்கட்டு இருந்தால் புதுக் கை மற்றக் கையைவிட நீளமாகத் தொங்கும் என்பது டாக்டர் சந்தானகோபால் சொன்ன காரணம். ஆங்கிலத்தில் இருந்த ஒரு தாளில் நீலமேகத்தின் கைரேகையும் வாங்கியிருக்கிறார்கள். அவர் கையெழுத்துப் போடத் தெரிந்தவர்; போடுகிறேன் என்றும் சொல்லியிருக்கிறார். ரேகை போதும் என்றார்களாம்.

சொக்கம்மாள் என்னிடம் கேட்டது இது: “கீற வெரலையும் வெட்றாங்களாம்க்கா. அதுக்கு இந்த ஆளு தலைய ஆட்டிக்கினு வந்துகீறாரு. நீ மாட்டிக்கினியே அந்தக் கை, அது சோறு பிசையுமா?”

பிசையாது என்றேன். அந்த அம்மாள் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

10. நான் போய் நீலமேகத்தைப் பார்த்தேன். அவர் என்னை நம்பவில்லை. அவரைக் குற்றம் சொல்ல முடியாது. விபத்துக்குப் பிறகு பட்டறையில் அவரை நண்டு என்று கூப்பிட ஆரம்பித்திருக்கிறார்கள். அவர் அந்தக் கையை எப்போதும் துண்டுக்குள் மறைத்துக்கொண்டிருந்தார். ஐந்து விரலோடு ஒரு கை கிடைக்கிறது என்றால் எவருக்குத்தான் ஆசை வராது? அவர் சொன்னார்: “உனுக்கு மட்டும் இருக்கணும்னு பாக்கிறியாக்கா? நாலு பேரு முன்னாடி பட்டுப்பொடவ கட்டிக்கினு முட்டை எட்த்தியே, போட்டோ மாட்டிகீதே. எனுக்கு வந்தா மட்டும் வாணாமா?” மேசைக்கடியில் இருந்த ஒயரைப் பற்றிச் சொன்னேன். “அது போட்டோல இல்லியே” என்றார். இதற்கு மேல் வாயால் பேசிப் பயனில்லை என்று கண்டேன்.

11. ஆகவே 10.5.1974 வெள்ளிக்கிழமை நான் பழகும் நேரத்துக்கு அவரையும் சொக்கம்மாளையும் வரச் சொன்னேன். ஜஹாங்கீர் சோதனைப் பெட்டியை எடுத்துச் சன்னலோரம் வைத்துவிட்டார். நான் மின்சாரக் கையை மாட்டிக்கொண்டு தீக்குச்சியை எடுக்கப் பார்த்தேன். மூன்றுமுறை கீழே விழுந்தது. நான்காம் முறை ஒடிந்தது. பழகுவதற்காக அங்கே வைத்திருந்த சட்டையின் பொத்தானைப் போடப் பார்த்தேன். பொத்தான் அறுந்து வந்தது. பிறகு நீலமேகத்தைச் செய்யச் சொன்னேன். அவர் துண்டிலிருந்து கையை எடுக்கவே தயங்கினார். சொக்கம்மாள் அதட்டவும் எடுத்தார். இரண்டு விரலால் குச்சியைப் பிடித்து ஒரே உரசலில் கொளுத்தினார். அறுந்த பொத்தானை ஊசியில் நூல் கோத்துத் தைத்தே கொடுத்துவிட்டார்.

ஜஹாங்கீர் மூன்று டம்ளரில் தேநீர் கொண்டுவந்து வைத்தார். நான் மின்சாரக் கையால் ஒன்றைப் பிடித்துக்கொண்டேன். நீலமேகம் தன் டம்ளரைத் தொட்டதும் விரலை உதறிக்கொண்டு, “சுடுது” என்றார். பிறகு என் டம்ளரைப் பார்த்தார். அதிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது.

“உனுக்குத் தெர்லியாக்கா?”

“இல்ல.”

“இம்மாம் பெரிய மிசினுக்குச் சூடு தெரியாதா?”

தெரியாது என்றேன். ஈரம் தெரியாது, துணி தெரியாது, ஒரு மனிதரைத் தொட்டால் அதுவும் தெரியாது என்றேன். அவர் தம் இரண்டு விரலையும் ஒன்றோடொன்று தேய்த்துப் பார்த்தார். பிறகு ஜஹாங்கீரிடம், “என் காயிதத்த வாங்கிக் குடுத்துடு நைனா” என்றார். காகிதம் டாக்டரிடம் இருந்தது. நீலமேகமே போய்க் கேட்டதற்கு, அது ஆய்வுக் கோப்பில் சேர்ந்துவிட்டது, திரும்பத் தர வழியில்லை என்று பதில் வந்தது.

12. 20.5.1974 அன்று மருத்துவமனைக் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் மனு அனுப்பினேன். ஒப்புதல் அட்டை திரும்பி வந்தபோது அதில் கையெழுத்திட்டிருந்தவர் டாக்டர் சந்தானகோபால். பதிலும் அவரே எழுதினார். தமக்குக் கிடைத்த நவீன சிகிச்சை பிறருக்குக் கிடைப்பதைப் பொறுக்காத ஒரு நோயாளியின் மனநிலையை அனுதாபத்தோடு புரிந்துகொள்வதாகவும், என் பயிற்சி இத்துடன் நிறுத்தப்படுவதாகவும் அதில் கண்டிருந்தது. ஆக, இப்போது செவ்வாயும் இல்லை, வெள்ளியும் இல்லை. எனக்கு அந்தக் கை இல்லை. அது கேட்கிறதோ இல்லையோ, நான் தசையை இறுக்கிக்கொண்டுதான் இருக்கிறேன், பழக்கம் விடவில்லை.

13. கடந்த சனிக்கிழமை மருத்துவமனை ஆட்கள் இருவர் புளியந்தோப்புக்குப் போய், நேரில் வந்தால் தாளைத் திருப்பித் தருவதாகச் சொல்லி நீலமேகத்தை அழைத்துப்போயிருக்கிறார்கள். போனவரை வார்டில் சேர்த்து, அவர் சட்டையையும் வேட்டியையும் வாங்கி வைத்துக்கொண்டு மருத்துவமனை உடுப்பைக் கொடுத்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை அறுவைப் பட்டியலில் பெயர் ஏறிவிட்டது, இனி மாற்ற முடியாது என்றார்களாம். இன்று காலை சொக்கம்மாள் கஞ்சித் தூக்கோடு பார்க்கப் போனார். தூக்கை அங்கேயே வைத்துவிட்டு, கணவர் கையைப் பிடித்து வாயில் வழியாகவே வெளியே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். யாரும் தடுக்கவில்லை, யாரும் இப்படிச் செய்வார்கள் என்று எதிர்பார்த்திருக்கவில்லை போலும். இருவரும் இப்போது என் வீட்டில் இருக்கிறார்கள். அந்த மருத்துவமனை உடுப்பை ஆலிஸ் துவைத்துக் காயப்போட்டிருக்கிறாள். நாளைக் காலை ரசீது பெற்றுக்கொண்டு ஒப்படைக்கப்படும். உடுப்பைத் திருடியதாக வழக்கு எதுவும் வந்தால் தாங்கள் இந்த வரியை நினைவில் கொள்ள வேண்டும்.

14. நீலமேகம் தப்பிவிட்டார் என்று நான் சற்று நேரம் சந்தோஷப்பட்டேன். இம்மனுவே தேவையில்லையோ என்றுகூட நினைத்தேன். அதன் பிறகு அவர் சொன்னதைக் கேட்டதும்தான் காகிதத்தை எடுத்தேன். அவர் சொன்னபடியே எழுதுகிறேன்:

“நேத்து பக்கத்துக் கட்டில்ல ஒரு ஆள வெச்சாங்கக்கா. ஹார்பர்ல சங்கிலில மாட்டி சோத்துக் கை நசுங்கிப்போச்சாம். வெரலுங்கதான் போச்சி. மணிக்கட்டு ஆடுது, நான் கண்ணால பாத்தேன். தண்ணி கேட்டாரு, குட்த்தேன். கட்டுப்போட்ட கையாலயே டம்ளருக்கு அண்டை குட்த்துக்கினு குட்ச்சாரு. இன்னிக்கிக் காலைல டாக்டரோட ஆளு டேப்பு எட்த்தாந்து, மொழங்கைலேர்ந்து அளந்து எழுதிக்கினு பூட்டாரு. வெள்ளிக்கிழமைல என் பேர அட்ச்சிட்டு அவர் பேர எழுதிடுவாங்களாக்கா?”

15. என்னையும் சேர்த்து ஆறு கைகளில் ஐந்துக்கு ஆள் கிடைத்துவிட்டது; ஆறாவதற்குத்தான் தேடுகிறார்கள். அடுத்த மாதம் வெளிநாட்டு நிபுணர்கள் மறுபடி வருகிறார்கள். காயம்பட்டு ஒரு நாள்கூட ஆகாத மனிதரின் முன்னங்கையை அளவு டேப்பால் அளப்பதற்கு வேறு என்ன காரணம் இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. நல்ல காரணம் ஏதாவது இருந்தால், என்னை அவசரக்காரி என்று தாங்கள் கண்டிக்கலாம், ஏற்றுக்கொள்கிறேன்.

16. ஆதலால் நான் வேண்டிக்கொள்வது: இந்த மருத்துவமனைக்குச் சம்பந்தமில்லாத அரசு மருத்துவர் ஒருவர் வெள்ளிக்கிழமைக்கு முன் நேரில் வந்து, மேற்படி ஹார்பர் தொழிலாளியின் கையையும் எக்ஸ்ரே படத்தையும் காய்ச்சல் அட்டையையும் பார்க்க வேண்டும். படம் நனைந்துவிட்டது என்றால் அங்கேயே வேறு படம் எடுக்கச் சொல்ல வேண்டும். அவருக்கு எது வெட்டப்படுகிறது, ஏன் வெட்டப்படுகிறது என்று அவருக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும். நீலமேகத்தின் தாளைத் திரும்பப் பெற்றுத் தர வேண்டும். என் படத்தையும் மற்ற மூவரின் படங்களையும் பற்றிய விசாரணை பிறகு சாவகாசமாக நடக்கட்டும், எங்களுக்கு அவசரமில்லை.

மின்சாரக் கை ஆய்வை மூடிவிடுமாறு நான் கேட்கவில்லை. ஏற்கெனவே கையை முழுதும் இழந்தவர்களுக்கு அது ஒருநாள் நன்றாகப் பயன்படும் என்று நம்புகிறேன். வேர்வையிலும் வெல்டிங்கிலும் என்ன ஆகிறது என்று உள்ளபடி எழுதிக்கொள்ளச் சம்மதித்தால், அதை மாட்டிக்கொண்டு சொல்ல நான் இன்றும் தயார். கைக்கு ஏற்றபடி கருவியைச் செய்யட்டும் என்பதுதான் என் கோரிக்கை.

முக்கியமாக இன்னொன்று. இம்மனுவை உரிய நடவடிக்கைக்காக என்று எழுதி டாக்டர் சந்தானகோபால் அவர்களுக்கே அனுப்பிவிடாமல் இருக்குமாறு மன்றாடுகிறேன்.

17. அந்த மனிதரின் பெயர் எனக்குத் தெரியாது. விசாரிப்பதற்காக இன்று பகல் மருத்துவமனைக்குப் போனேன். என்னை வாயிலிலேயே நிறுத்திவிட்டார்கள். ஆண்கள் வார்டு, பதினோராம் எண் கட்டில். அவர் எந்த ஊர், வீட்டில் யார் யார் என்பது எதுவும் தெரியாது. அவரிடம் யாராவது ஒரு தாளை நீட்டியிருக்கிறார்களா என்பதும் தெரியாது. இன்று புதன்கிழமை, அவருக்கு வலது மணிக்கட்டு இருக்கிறது. வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு அறுவை அரங்கம் திறக்கும். தங்கள் உத்தரவு அதற்கு முன்னால் அங்கே போய்ச் சேர வேண்டும், ஐயா. பதில் கிடைக்கும்வரை நான் கோட்டை வாயிலிலேயே காத்திருப்பேன்.

இடம்: ராயபுரம், சென்னை-13
நாள்: 12.6.1974, பிற்பகல் 3 மணி

தங்கள் நடவடிக்கையை எதிர்நோக்கும்,
பா. ஃப்ளோரன்ஸ்

இணைப்பு: பார்வை 2-இல் கண்ட பதிலின் நகல், டாக்டர் சந்தானகோபால் கையெழுத்திட்ட தபால் ஒப்புதல் அட்டை.